‘விடை தவறு’ என்பதற்கு அடுத்த வரி

திருவண்ணாமலை மாவட்டத்துக் கல்லூரி மாணவிக்கு இன்று சென்னை ஐஐடிப் பேராசிரியரின் வகுப்பு கைப்பேசியிலேயே கிடைக்கிறது. செங்கம், போளூர், தண்டராம்பட்டு என்று எங்கெங்கிருந்தோ காலைப் பேருந்து ஏறி வருகிற பிள்ளைகளுக்கு, கடுமையான நுழைவுத் தேர்வைத் தாண்டிய சிலருக்கு மட்டுமே திறந்த கதவு இப்படி அகலத் திறந்திருப்பது சின்ன விஷயமில்லை. ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டம் முதலில் விரிவுரைகளைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றியது. 2014 முதல் வாராந்தர அசைன்மென்ட், நேரடித் தேர்வு, சான்றிதழ் எல்லாம் கொண்ட முழுப் பாடங்களையும் நடத்துகிறது. 2017 ஜூலையில், என்பிடெல் பாடங்களையும் தரும் ஒன்றிய அரசின் ஸ்வயம் தளம் வந்தது. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகவே படித்து கிரெடிட் பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. ஆக, இணையப் பாடம் என்பது ஆர்வமுள்ளவர் பார்த்துக்கொள்ளும் கூடுதல் சரக்காக இல்லாமல், பட்டப் படிப்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அப்படியானால் வகுப்பறையில் ஆசிரியர் செய்யும் வேலைகளில் எவற்றை இந்தத் தளம் செய்கிறது, எவற்றை விட்டுவிடுகிறது என்று கேட்கவேண்டிய நேரமும் வந்துவிட்டது.

விரிவுரையில் குறை சொல்ல அதிகமில்லை. குறை அசைன்மென்ட்டுக்குப் பிறகு தொடங்குகிறது. மாணவி பத்து வினாக்களுக்கு விடை குறித்து அனுப்புகிறாள். கெடு முடிந்தபின் உள்ளே போய்ப் பார்த்தால், தவறிய வினாவுக்குக் கீழே மூன்று செய்திகள் இருக்கும்: விடை தவறு, மதிப்பெண் சுழியம், ஏற்கப்படும் விடை இது. சில பாடங்களில் பின்னர் விளக்கமான விடைத்தொகுப்பும் வரும், அதை நேர்த்தியாகச் செய்கிற பேராசிரியர்களும் உண்டு. ஆனால் அந்தத் தொகுப்பு சரியான வழியைச் சொல்லுமே தவிர, அவள் போன வழி எந்த இடத்தில் பிசகியது என்று சொல்லாது. அதற்குள் அடுத்த வாரத்து விரிவுரை வந்திருக்கும். சென்ற வாரத்துத் தவறுக்குத் திரும்பிப் போக அவளுக்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை. என் கருத்து இதுதான்: பெரிய இணையப் பாடங்களில் மாணவருக்குப் பயனுள்ள பின்னூட்டம் கிடைக்காததற்கு ஆள் பற்றாக்குறையோ பணப் பற்றாக்குறையோ முதற்காரணம் இல்லை. வினாவை எழுதும்போதே பின்னூட்டத்தையும் எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை என்பதே முதற்காரணம். அதனால் இது திருத்தக்கூடிய குறை.

பின்னூட்டம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஜான் ஹாட்டியும் ஹெலன் டிம்பர்லியும் 2007இல் எழுதிய கட்டுரை அதை மூன்று கேள்விகளாகப் பிரிக்கிறது: நான் எங்கே போகவேண்டும், இப்போது எங்கே நிற்கிறேன், அடுத்து என்ன செய்யவேண்டும். திருவண்ணாமலையின் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இந்திரலிங்கம் முதல் ஈசான்யலிங்கம் வரை எட்டு லிங்கங்கள் இருப்பதால், முதன்முறை நடக்கிறவரும் எவ்வளவு வந்தோம், எவ்வளவு மிச்சம், எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று தெரிந்துகொண்டே நடக்கிறார். ‘பத்துக்கு ஆறு’ என்கிற மதிப்பெண் இந்த மூன்றில் நடுக் கேள்விக்கு மட்டும், அதுவும் அரைகுறையாக, பதில் சொல்கிறது. எந்தப் பின்னூட்டமும் இல்லாததைவிட ஏதோ ஒன்று இருப்பது மேல் என்றும் நினைத்துவிடக் கூடாது. அவ்ரஹாம் க்ளூகரும் ஏஞ்சலோ டெநிசியும் 1996இல், அதுவரை நடந்த ஆய்வுகளிலிருந்து 607 அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பின்னூட்டம் நன்மையே செய்திருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட அளவீடுகளில் பின்னூட்டம் பெற்றவர்களின் செயல்திறன் குறைந்திருந்தது. செய்த வேலையைப் பற்றிப் பேசாமல் செய்தவரைப் பற்றிப் பேசும் பின்னூட்டம் கவனத்தை வேலையிலிருந்து இழுத்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘நீ கெட்டிக்காரி’ என்பதற்கும் ‘வகுப்பில் உன் இடம் 4,312’ என்பதற்கும் இந்த வகையில் பெரிய வித்தியாசம் கிடையாது.

மதிப்பெண்ணோடு விளக்கத்தையும் சேர்த்துத் தந்தால் இரண்டும் கிடைக்குமே என்று தோன்றும். இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் பள்ளிப் பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்து இதைச் சோதித்தார். ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொன்றுக்குக் குறிப்புரை மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். குறிப்புரை மட்டும் பெற்ற பிள்ளைகளே ஆர்வத்திலும் அடுத்த பணியின் தரத்திலும் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். எண்ணைப் பார்த்த கண் எழுத்துக்குப் போகவில்லை. என்பிடெல் பாடத்தில் வாராந்தர அசைன்மென்ட்டுகளுக்கு இறுதி மதிப்பெண்ணில் 25 சதவீதம், நேரடித் தேர்வுக்கு 75 சதவீதம். பன்னிரண்டு வாரப் பாடமானால் சிறந்த எட்டு அசைன்மென்ட்டுகளின் சராசரி எடுத்துக்கொள்ளப்படும். சோம்பலைத் தடுக்கவும் வாராவாரம் படிக்கவைக்கவும் இந்த ஏற்பாடு உதவுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தவறு செய்து பார்ப்பதற்கான இடமும் மதிப்பெண் சேர்க்கும் இடமும் ஒன்றாகிவிட்டதால், அங்கே தவறு ஓர் இழப்பாக மட்டுமே தெரிகிறது. கெடு முடியும்வரை விடையை வெளியிடவும் முடிவதில்லை. மாணவிக்கு விளக்கம் மிகவும் தேவைப்படும் அந்த நிமிடத்தில் தளம் வாயைத் திறக்க முடியாமல் நிற்கிறது.

இந்தக் கட்டத்தில் எழும் முதல் மறுப்பு கணக்கு சம்பந்தமானது, அதில் நியாயமும் உண்டு. ஒரு பாடத்தில் 20,000 பேர் அசைன்மென்ட் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டே நிமிடம் ஒதுக்கினாலும் 40,000 நிமிடம், அதாவது 666 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். வாரத்துக்கு மொத்தமே 168 மணி நேரம்தான். எந்தப் பேராசிரியராலும், பத்து உதவியாளர்களை வைத்துக்கொண்டாலும், இது வாராவாரம் நடக்காது. ஆனால் இந்தக் கணக்கு ஒரு தப்பான அனுமானத்தின் மேல் நிற்கிறது. இருபதாயிரம் மாணவர்கள் இருந்தால் இருபதாயிரம் விதமான தவறு இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் தவறுகள் அப்படிச் சிதறிக் கிடப்பதில்லை, கொத்துக் கொத்தாகத்தான் வருகின்றன.

ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் சிறுவர்களின் கழித்தல் கணக்குகளை ஆராய்ந்து காட்டியது இதைத்தான். 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதும் பிள்ளையைக் கவனக்குறைவான பிள்ளை என்று ஆசிரியர் நினைக்கலாம். அந்தப் பிள்ளை ஒரு விதியைத் தவறாமல் பின்பற்றுகிறது: ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழி. எட்டிலிருந்து இரண்டு போனால் ஆறு, ஐந்திலிருந்து மூன்று போனால் இரண்டு, ஆக 26. இந்தப் பிள்ளைக்கு ‘தவறு, விடை 14’ என்று சொன்னால் அடுத்த கணக்கையும் அதே விதிப்படிதான் போடும். ‘மேலே உள்ள இரண்டிலிருந்து எட்டைக் கழிக்க முடியாதபோது என்ன செய்தாய்?’ என்று கேட்டால் விதி உடையும். இப்படிப்பட்ட பிசகான விதிகள் எண்ணற்றவை இல்லை, பட்டியல் போடக்கூடியவை. கழித்தலுக்கு உள்ளது மின்சுற்றுக்கும் உண்டு, நிகழ்தகவுக்கும் உண்டு, கணக்குப் பதிவியலில் பற்று வரவுக்கும் உண்டு. அனுபவமுள்ள ஆசிரியர் எவரும் தம் பாடத்தில் பிள்ளைகள் வழக்கமாக வழுக்கி விழும் இடங்களை மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்.

கூட்டம் பெருகப் பெருக இந்தக் கொத்துகள் மறைந்துபோவதும் இல்லை, இன்னும் துலக்கமாகத் தெரிகின்றன. ஸ்டான்ஃபோர்டில் ஆண்ட்ரூ இங் 2011இல் நடத்திய இயந்திரக் கற்றல் பாடத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பதிந்திருந்தனர். அதில் ஓர் அசைன்மென்ட்டுக்கு இரண்டாயிரம் பேர் அச்சாக ஒரே தவறான விடையைத் தந்ததை அவருடைய குழு கண்டுபிடித்தது. இரண்டு படிகளை முன்பின்னாக மாற்றிப் போட்டதால் வந்த தவறு. அதற்கென ஒரே ஒரு செய்தியை எழுதி வைத்தார்கள். பிறகு அந்தத் தவறைச் செய்த ஒவ்வொருவருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து ஆசிரியர் சொல்வதுபோல் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. இணையப் பாடத் தளமான கோர்செராவை அவருடன் சேர்ந்து நிறுவிய டாஃப்னி கோலர் 2012இல் இதை ஒரு மேடையில் விவரித்தபோது சொன்ன கருத்து மறுக்க முடியாதது: நூறு பேர் வகுப்பில் இரண்டு பேர் செய்யும் தவறு யார் கண்ணிலும் படாது, இரண்டாயிரம் பேர் செய்தால் படாமல் போகாது. இணையப் பாடத்தின் கூட்டம்தான் பின்னூட்டத்துக்குத் தடை என்று நாம் புலம்புகிறோம். ஆனால் எந்தத் தவறு எத்தனை பேருக்கு வருகிறது என்று நிச்சயமாகச் சொல்லும் ஆற்றல் அந்தக் கூட்டத்துக்கு மட்டுமே உண்டு. நாற்பது ஆண்டு பணியாற்றிய வகுப்பறை ஆசிரியருக்கும் அந்த வசதி கிடைத்ததில்லை.

இதை என்பிடெல் அசைன்மென்ட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் வேலை எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும். பத்து வினா, ஒவ்வொன்றுக்கும் நான்கு தெரிவு, அவற்றில் தவறானவை மூன்று. வாரத்துக்கு முப்பது சிறு குறிப்புகள், பன்னிரண்டு வாரத்துக்கு 360. இதை ஒருமுறை எழுதினால் போதும், பாடம் மறுபடி மறுபடி நடக்கும்போது திருத்திக்கொண்டே போகலாம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. தவறான தெரிவுகள் இடத்தை நிரப்ப வைத்த எண்களாக இருக்கக் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பிசகிலிருந்து பிறந்திருக்க வேண்டும். ஆறு ஓம் மின்தடை இரண்டைப் பக்க இணைப்பில் இணைத்தால் மொத்த மின்தடை என்ன என்று கேட்கிறோம். சரியான விடை 3. பன்னிரண்டு என்று குறித்த மாணவர், தொடர் இணைப்பின் விதியை இங்கே கொண்டுவந்துவிட்டார். மூன்றில் ஒன்று என்று குறித்தவருக்குச் சூத்திரம் சரியாகத் தெரியும். கடைசியில் தலைகீழாக்க மறந்துவிட்டார். ஆறு என்று குறித்தவர், இரண்டு மின்தடைகளுக்கும் மின்னழுத்தம் ஒன்றாக இருப்பதால் மின்தடையும் மாறாது என்று எண்ணுகிறார். மூவரிலும் ஆழமான குழப்பம் இவருக்குத்தான். இந்த மூவருக்கும் ‘தவறு, விடை 3’ என்று ஒரே வாக்கியத்தைச் சொல்வது, மூன்று வெவ்வேறு நோய்க்கு ஒரே மாத்திரை தருவதற்குச் சமம். முதலாமவருக்கு, ‘மின்னோட்டம் செல்ல இங்கே எத்தனை வழி இருக்கிறது என்று படத்தில் எண்ணிப் பாருங்கள்’ என்று ஒரு வரி. இரண்டாமவருக்கு, ‘நீங்கள் கண்டது மின்தடையா, அதன் தலைகீழா?’ என்று ஒரு கேள்வி. மூன்றாமவருக்கு விரிவுரையின் குறிப்பிட்ட பகுதிக்கே திரும்பிப் போகும் இணைப்பு. விடையை மூவருக்கும் உடனே சொல்ல வேண்டியதில்லை. மீண்டும் ஒருமுறை முயலச் சொல்லிவிட்டு அப்புறம் சொல்லலாம். பின்னூட்டத்தின் பயன், அதைக் கொண்டு மாணவர் வேலையைத் திருத்தும்போதுதான் முழுமையாகிறது என்று ராய்ஸ் சாட்லர் 1989இலேயே வலியுறுத்தினார். திருத்த வாய்ப்புத் தராத குறிப்பு வெறும் தகவலாக நின்றுவிடுகிறது.

மொழியைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும், ஏனெனில் நம் மாவட்டத்தில் இதன் கனம் அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்டத்தில் ஐந்தில் நால்வர் கிராமத்தில் வாழ்கிறார்கள். எழுத்தறிவு 74 சதவீதம், மாநிலச் சராசரியைவிடக் குறைவு. ஆரணியின் நெசவுக் குடும்பங்களிலிருந்தும் ஜவ்வாது மலையின் பழங்குடிக் கிராமங்களிலிருந்தும் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளம். நகரத்தில் படித்த பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்கு, ‘இது ஏன் தவறு?’ என்று கேட்க வீட்டிலேயே ஒருவர் இருப்பார், இல்லையென்றால் காசு கொடுத்து டியூஷன் இருக்கும். அந்தக் கேள்விக்கு வேறு எங்கும் பதில் கிடைக்காதவர்களுக்குத்தான் தளத்தின் மௌனம் மிகவும் நட்டம். என்பிடெல் விரிவுரைகளின் எழுத்து வடிவங்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் பெயர்க்கப்படுகின்றன. நல்ல முயற்சி, பெரும் உழைப்பு. ஆனால் வினாக்களும் விடை விளக்கங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. பல மணி நேர விரிவுரையைப் பெயர்ப்பதோடு ஒப்பிட்டால், இரண்டு வரி கொண்ட 360 குறிப்புகளைத் தமிழில் தருவது எவ்வளவு சிறிய வேலை! புதிய கருத்தை ஆங்கிலத்தில் கேட்டு ஓரளவு பிடித்துக்கொள்ளும் மாணவிகூட, தான் குழம்பிய இடத்தை விளக்கும்போது தன் மொழியில் கேட்டால் சட்டென்று தெளிவாள். கலைச்சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், தேர்வுக்கு அவை வேண்டும். காரணத்தைத் தமிழில் சொல்லுங்கள். அதுவும் கைப்பேசித் திரையில் ஒரே பார்வையில் படிக்கும் அளவுக்குச் சுருக்கமாக.

நிரல் எழுதும் பாடங்களில் நிலைமை கொஞ்சம் மேல். மாணவர் நிரலை அனுப்பியதும் தளம் சில சோதனைகளை ஓட்டிப் பார்த்து எது தேறியது, எது தேறவில்லை என்று அப்போதே காட்டுகிறது. திருத்தி மறுபடி அனுப்பலாம். இந்த மறுமுயற்சிதான் பாடத்தின் உயிர். அங்கேயும் மாணவருக்குத் தெரிவது ‘வரவேண்டியது இது, உங்களுக்கு வந்தது இது’ என்பதோடு முடிந்துவிடுகிறது. வெளியீட்டில் ஓர் இடைவெளி கூடிப்போனதா, சிந்தனையே தவறா என்பது புதியவருக்குப் புரிவதில்லை. முதல் மாதத்தில் பலர் நிரல் எழுதுவதையே கைவிடுவது இப்படிப்பட்ட இடங்களில்தான் என்பது என் ஊகம்.

அடுத்த மறுப்பைக் கல்லூரி ஆசிரியர்கள் சொல்வார்கள், சலிப்போடு சொல்வார்கள்: மாணவர்கள் விடைகளை டெலிகிராம் குழுவிலிருந்தும் யூடியூப் காணொளியிலிருந்தும் எடுத்துப் போடுகிறார்கள், யாருக்காக இந்த விளக்கமெல்லாம்? நிலைமை உண்மைதான். ஆனால் காரணத்தையும் விளைவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தவறினால் மதிப்பெண் போகும், தவறியபின் எதுவும் கற்றுக்கொள்ளக் கிடைக்காது என்ற ஏற்பாட்டில், விடையைத் தேடி எடுத்துப் போடுவதே மாணவருக்குப் புத்திசாலித்தனமாகப் படும். எனவே இரண்டையும் பிரியுங்கள். முதலில் மதிப்பெண் இல்லாத பயிற்சி வினாக்கள். அவற்றுக்கு உடனடிக் குறிப்பும் எத்தனை முறை வேண்டுமானாலும் முயலும் உரிமையும். பிறகு அதே பிசகுகளைச் சோதிக்கும் வேறு வினாக்களுக்கு மதிப்பெண். எண்கள் மாறினாலும் பிசகு மாறாது என்பதால், குறிப்புகளைப் பருவத்துக்குப் பருவம் புதிதாக எழுத வேண்டிய சுமையும் இல்லை. காப்பி அடிக்கிறவர் அப்போதும் அடிப்பார். அவருக்காக மற்றவர்களுக்கு விளக்கம் மறுக்கப்படுவதை ஏற்க முடியாது. நேரடித் தேர்வின் 75 சதவீதம் அவரைப் பார்த்துக்கொள்ளும்.

உதவி தாராளமாகக் கிடைத்தால் மாணவர் யோசிப்பதையே விட்டுவிடுவார் என்ற அச்சத்துக்கு இன்னும் வலுவான ஆதாரம் உண்டு. கணினிவழிப் பயிற்சி மென்பொருள்களில் சில பிள்ளைகள் குறிப்புப் பொத்தானைத் தட்டிக்கொண்டே போய்க் கடைசிக் குறிப்பில் இருக்கும் விடையை எடுத்துக்கொள்வதை ரயன் பேக்கரும் சகாக்களும் 2004இல் பதிவுசெய்தார்கள்; அப்படிச் செய்தவர்கள் குறைவாகவே கற்றார்கள். உரையாடும் செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தக் கேள்வி பல மடங்கு பெரிதாகிவிட்டது. துருக்கியின் உயர்நிலைப் பள்ளியொன்றில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை வைத்து ஹம்சா பஸ்தானி குழுவினர் நடத்திய கணிதச் சோதனையை இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு வழக்கமான சாட்பாட்டைக் கொடுத்தார்கள். பயிற்சிக் கணக்குகளில் அவர்களுடைய மதிப்பெண் 48 சதவீதம் ஏறியது. ஆனால் அதைப் பறித்துக்கொண்டு தேர்வு வைத்தபோது, அந்த உதவியே பெறாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குக் கொடுத்த சாட்பாட் விடையைச் சொல்லாது, படிப்படியாகக் குறிப்பு மட்டும் தரும்; அந்தக் கணக்கில் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளையும் அவற்றுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதையும் ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பிரிவினர் பயிற்சியில் 127 சதவீதம் முன்னேறினார்கள், தேர்வில் எந்தப் பாதிப்பும் பெரும்பாலும் இல்லை. இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒரே இயந்திரம். வேறுபாட்டை உண்டாக்கியது ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த பிசகுப் பட்டியலும் விடையை உடனே சொல்லாத பொறுமையும். எனவே, ‘செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனிமேல் இந்தக் கவலை எதற்கு?’ என்பவர்களுக்கு என் பதில்: அது வந்ததால்தான் இந்தப் பட்டியல் இன்னும் அவசரமாகிறது. பட்டியல் இருந்தால் இயந்திரம் நல்ல உதவியாளர். 2021இல் ஸ்டான்ஃபோர்டின் இலவச நிரலாக்கப் பாடத்தில் 16,000 நிரல்களுக்கு இயந்திரம் எழுதிய பின்னூட்டத்தை மாணவர்கள் 97.9 சதவீதம் ஏற்றார்கள். அந்த இயந்திரத்துக்கும் ஆசிரியர்கள் குறித்துவைத்த மாதிரிகளே பாடமாக இருந்தன.

உற்சாக மடல்களால் இந்த இடைவெளியை நிரப்பிவிடலாம் என்ற நம்பிக்கையும் தளங்களை நடத்துபவர்களிடம் பரவலாக இருக்கிறது. ‘விட்டுவிடாதீர்கள்’, ‘வாரத்தில் எந்த நேரம் படிப்பீர்கள் என்று எழுதுங்கள்’ போன்ற செய்திகளை ஹார்வர்டு, எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு பாடங்களில் 2.5 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களிடம் சோதித்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. முதல் சில வாரங்களில் சிறு மாற்றம் தெரிந்தது, பிறகு கரைந்துவிட்டது. புரியாமல் நிற்பவருக்கு ஊக்கம் மட்டும் போதாது என்பதில் வியப்பில்லை.

கட்டுரை, வடிவமைப்பு, ஆய்வறிக்கை போன்றவற்றில் நான்கு தெரிவு உத்தி செல்லாது. அங்கே மாணவர் மாணவரைப் பார்க்க வேண்டும். அதற்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளியில் மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளையாக இருந்து இளைய பிள்ளைகளைத் திருத்துவான். எழும்பூரில் படைவீரர் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் வகுத்து, 1797இல் அதை இங்கிலாந்தில் நூலாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது உலகமெங்கும் போயிற்று. ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்ற சிக்கலுக்கு இருநூறு ஆண்டுக்கு முன் கிடைத்த விடை அது. அதன் குறை, திருத்துகிறவனுக்கே தெரியாததைத் திருத்த முடியாது என்பது. 2012இல் கோர்செராவில் ஸ்காட் கிளெம்மர் நடத்திய பாடம் இந்தக் குறையைச் சரிசெய்தது. ஆசிரியர் ஏற்கெனவே மதிப்பிட்ட மாதிரிகளை மாணவர் முதலில் மதிப்பிட்டுப் பார்க்க வேண்டும்; தம் மதிப்பீடு ஆசிரியருடையதற்கு நெருங்கிய பின்பே சகமாணவர் சிலருடைய வேலையும், கடைசியாகத் தம் வேலையும் அவர் கைக்கு வரும். நல்ல வேலை எப்படி இருக்கும் என்பதை மாணவர் தாமே கற்றுக்கொள்வது இந்த ஏற்பாட்டின் பெரிய லாபம்.

இவ்வளவுக்குப் பிறகும் மனிதர் வேண்டியிருக்கும் இடங்கள் மிஞ்சும். பட்டியலில் இல்லாத குழப்பம், வாயால் சொன்னால்தான் தெரியவரும் குழப்பம், வெட்கத்தால் கேட்காமல் விட்ட கேள்வி. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே, தபாலில் வரும் ஒப்படைப்புகளுக்கு விரிவாகக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பும் பயிற்றுநர் படையை அமைத்தது; தொலைவிலிருந்து கற்பிப்பவர்களுக்கு இந்த அக்கறை புதிதில்லை. ஸ்டான்ஃபோர்டின் அதே இலவச நிரலாக்கப் பாடம் 2020இல் ஏறத்தாழ 10,000 மாணவர்களுக்கு ஏறத்தாழ 900 தன்னார்வலர்களைச் சிறு குழு ஆசிரியர்களாக்கியது. தமிழ்நாட்டில் தன்னார்வலருக்குப் பஞ்சமில்லை என்பதை 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் காட்டியது. ஊரகக் குழந்தைகள் ஏறத்தாழ 19,000 பேரைத் தொடர்ந்து அளந்த அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர், பெருந்தொற்றுக்குப் பின் மீண்ட கற்றலில் ஏறக்குறைய கால்பங்கு அந்தத் திட்டத்தால் வந்தது என்று மதிப்பிட்டார்கள். என்பிடெல்லிலும் பிரதமர் ஆய்வு உதவித்தொகை பெறும் ஆய்வு மாணவர்கள் சில பாடங்களுக்கு நேரலை வகுப்பெடுக்கிறார்கள். கல்லூரிகளின் உள்ளூர்க் கிளைகளில் பாடத்துக்கொரு வழிகாட்டி ஆசிரியரும் இருக்கிறார். பல கல்லூரிகளில் அவருடைய வேலை பதிவு எண்ணிக்கையை உயர்த்துவதும் தேர்வுக் கட்டணத்தை நினைவூட்டுவதுமாகக் குறுகிவிட்டது. வாரத்துக்கு ஒரு மணி நேரம், அந்த வாரத்தில் தம் மாணவர்கள் கூட்டமாகத் தவறிய இரண்டு வினாக்களை எடுத்துக் கரும்பலகையில் பிரித்துக் காட்டும் வேலையை அவருக்குக் கொடுத்து, அதைக் கற்பித்தல் நேரமாகக் கணக்கிலும் சேர்க்க வேண்டும். தம் கல்லூரி மாணவர்கள் எந்தத் தெரிவைக் குறித்தார்கள் என்ற புள்ளிவிவரம் அவர் கைக்குப் போனால் போதும். அந்தப் புள்ளிவிவரம் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது என்பிடெல் பாடங்களில் வாராவாரம் ஒரு கருத்துப் படிவம் வருகிறது. விரிவுரை எப்படி இருந்தது, அசைன்மென்ட் கடினமாக இருந்ததா என்று மாணவரைக் கேட்கிறது. பாடம் தன்னைத் திருத்திக்கொள்ள அது தேவை. மாணவர் தம்மைத் திருத்திக்கொள்ளத் தேவையானது எதிர்த்திசையில் வர வேண்டும், அதே ஒழுங்கோடு, வாராவாரம். இந்தப் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் புதிதாகத் தொடங்குகின்றன. அடுத்த பருவத்துக்கு வினா எழுத உட்காரும் பேராசிரியர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு தவறான தெரிவுக்கும் அதைக் குறிப்பவர் எப்படி யோசித்திருப்பார் என்று இரண்டு வரி எழுதுங்கள், எழுத முடியாத தெரிவை நீக்கிவிட்டு வேறொன்று வையுங்கள், அந்த இரண்டு வரியைத் தமிழிலும் தர ஏற்பாடு செய்யுங்கள். அதன்பின் வினாவைத் தளத்தில் ஏற்றுங்கள்.